மஜ்மா நகர் வரை: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள், இரவு

யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகிற வாகனம் முறிகண்டியில் நிற்காவிட்டால் பயணிகளே சாரதியைக் கேட்டுவிடுவார்கள். இன்று எங்கள் பஸ்ஸும் நின்றது. சாரதி இறங்கிப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார். நடத்துநர் ஒரு சிங்களப் பெடியன்; செருப்பைக் கழற்றிவிட்டு உண்டியலில் சில்லறை போட்டு, திருநீற்றைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். பக்கத்து வரிசையில் இருந்த தொப்பி போட்ட பெரியவர் கோயில் பக்கம் போகவில்லை. கச்சான் வாங்கினார். இரண்டு சுருளில் ஒன்றை என்னிடம் நீட்டி, "பிடிங்க மகள், இன்னும் கனதூரம் கிடக்கு" என்றார்.

மதமும் பொதுவாழ்வும் பற்றிச் செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் கூடிக் கதைக்கிற ஒரு சந்திப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டு நாள் கொழும்பில். அடுத்த நாள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் கிழக்கே, ஓட்டமாவடிக்கு. கொரோனாவால் இறந்தவர்களைப் புதைத்த மஜ்மா நகர் மையவாடி அங்கேதான். அழைப்பில் ஓட்டமாவடி என்ற பெயரைப் பார்த்துத்தான் வருகிறேன் என்று எழுதி அனுப்பினேன். வடக்கில் மதச் செய்திகளை எழுதுவது பற்றி நான் இருபது நிமிடம் பேச வேண்டும். பையில் இருக்கிற தாளில் குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும் நீராவியடியும் இருக்கின்றன. மூன்றும் பௌத்தத் தரப்போடு தகராறில் கிடக்கிற வடக்கின் கோயில் நிலங்கள். இருபது நிமிடம் காணாது.

அதிகாலை இரண்டு மணிக்குப் புத்தளத்தில் தேநீருக்கு நிறுத்தினார்கள். எந்த பஸ்ஸில் வந்தாலும் இந்த ஊரைத் தாண்டும்வரை எனக்கு நித்திரை வருவதில்லை.

1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அந்த நாட்களில் துரத்தப்பட்டார்கள். பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளத்துக்கு. எனக்கு அப்போது ஒன்பது வயது. வண்ணார்பண்ணையில் எங்கள் வீட்டிலிருந்து சோனகத் தெரு கூப்பிடு தூரம். அம்மாவின் சட்டைத் துணி ஒன்று அங்கே தையல் கடையில் கிடந்தது. மறுநாள் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடை திறந்தே கிடந்ததாம். வெட்டின துணி மெஷினில் அப்படியே இருந்ததாம். ஏன் எடுத்து வரவில்லை என்று கேட்டேன். "அவர் வந்து தைச்சுத் தருவார்" என்றார்.

புத்தளம் எனக்கு இன்னொரு காரணத்தாலும் கனக்கிறது. 2020 ஏப்ரல் 11 அன்று வந்த வர்த்தமானி, கொரோனாவால் இறந்தவர்கள் எல்லோரையும் எரித்தே ஆக வேண்டும் என்றது. புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்த நேரம் அது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று இங்கே சொன்னார்கள். நான் அப்போது ஒரு பத்திரிகையில் இரவு மேசையில் இருந்தேன். "மேலும் 4 கொரோனா சடலங்கள் எரிப்பு" என்று ஒருநாள் தலைப்பு வைத்தேன். எண்ணிக்கையில் பிழையில்லை. இடத்திலும் பிழையில்லை. அடுத்த நாள் காலை அலுவலகத் தொலைபேசியில் ஒரு பெண் பேசினார். யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"தங்கச்சி, அந்த நாலில ஒண்டு எங்கட வாப்பா. சோனகத் தெருவில பிறந்த மனுசன். எரிச்சதுக்கு நீங்கள் என்ன செய்யிறது, அது உங்கட கையில இல்லை. ஜனாஸா எண்டு எழுதுறது உங்கட கையிலதானே?"

மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கிருந்து பேசுகிறார் என்று கேட்டதற்குப் புத்தளம் என்றார். பெயரும் கேட்கவில்லை, எண்ணும் குறித்துக்கொள்ளவில்லை. தமிழ்ப் பத்திரிகைக்காரருக்கு இந்தச் சொற்கள் தெரியாதவை அல்ல. மரண அறிவித்தல் பக்கத்தில் சைவருக்குச் சிவபதம், கிறிஸ்தவருக்கு இறைவனடி, முஸ்லிமுக்கு வபாத், ஜனாஸா, நல்லடக்கம் என்று ஒரு எழுத்துப் பிசகாமல் போட்டுக் கொடுப்போம். அது காசு கட்டி வருகிற பக்கம். முதற்பக்கத்தில் எல்லோரும் சடலம்.

இரண்டாம் நாள், கொழும்பு

வெள்ளவத்தையில் இறங்கிக் குளித்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு ஒன்பது மணிக்குக் கறுவாத்தோட்டத்தில் மண்டபத்துக்குப் போய்விட்டேன். முப்பது பேர் வரை. பேராதனையிலிருந்து ஓய்வுபெற்ற மானிடவியல் பேராசிரியர் ஒருவர், ஒரு கத்தோலிக்கக் குரு, காத்தான்குடியிலிருந்து ஒரு பெண் செய்தியாளர், குருநாகலிலிருந்து ஒரு சிங்களச் செய்தியாளர், கண்டிப் பக்கத்து விகாரையிலிருந்து ஒரு தேரர். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள். எங்கள் காதுகளில் கருவி.

தேரர் வந்தபோது எல்லோரும் எழும்பி நின்றோம். அவருடைய நாற்காலியில் மட்டும் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அந்த மரியாதையில் எனக்குக் குறையொன்றுமில்லை. எங்கள் ஊரில் குருக்கள் வந்தாலும் எழும்புவோம். ஆனால் முதல் அமர்வே அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பற்றியது. 1972 யாப்பில் முதன்முதலாக நுழைந்து 1978 யாப்பிலும் நிலைத்துவிட்ட அந்த ஏற்பாடு பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் கொடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கிராம சேவகரும் ஒரு பொலிஸ் பொறுப்பதிகாரியும் எதைக் கையில் எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி என்றார் சட்டம் படிப்பிக்கிற ஒருவர். நீதிமன்றத் தீர்ப்புகளை விட்டுவிட்டு அந்த இரண்டு மனிதர்களைப் பிடித்துக்கொண்டு பேசினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த அமர்வில் மொழிபெயர்ப்பாளர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். சிங்களத்தில் 'ஜாதிய' என்றால் இனம், தேசம். தமிழ்க் காதில் அது சாதி. 'ஆகம' அவர்களுக்கு மதம். எங்களுக்கு ஆகமம் என்றால் கோயில் கட்டுவதற்கும் பூசை செய்வதற்கும் உரிய நூல். ஒருமுறை பெட்டிக்குள் இருந்த பெண் பேச்சை நிறுத்தி, "இந்த இடத்தில் அவர் இனத்தைச் சொல்கிறாரா நாட்டைச் சொல்கிறாரா, கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். பேசியவரும் சற்று யோசித்துத்தான் பதில் சொன்னார். கேட்டுச் சொல்லுங்கள் என்ற அந்தக் குரல் எங்கள் செய்தி மேசைகளில் இருந்திருந்தால் எத்தனையோ தப்பியிருக்கும்.

மதியத்துக்குப் பிறகு பேராசிரியர் பேசினார். இந்த நாட்டில் பத்திரிகையை மதம்தான் பெற்று வளர்த்தது என்று தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் உதயதாரகை 1841. கத்தோலிக்கருடைய சத்தியவேத பாதுகாவலன் 1876. சித்திலெப்பையின் முஸ்லிம் நேசன் 1882. சைவ பரிபாலன சபையின் இந்து சாதனம் 1889. ஒவ்வொரு அச்சகமும் பக்கத்து அச்சகத்துக்குப் பதில் சொல்லத்தான் பிறந்தது என்றார். ஆறுமுக நாவலரின் பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத்தைத் தமிழாக்க உழைத்த மனிதர், அதே அச்சையும் அதே பாடசாலை முறையையும் எடுத்துக்கொண்டு மிஷனரிமாருக்கு எதிராக எழுந்தது எங்கள் வண்ணார்பண்ணையில்தான். தெற்கில் நடந்ததும் அதே மாதிரி. கணநாத் ஒபயசேகர அதற்கு 'புரட்டஸ்தாந்து பௌத்தம்' என்று பெயர் வைத்தார். எதிர்த்தவர்களின் கருவிகளையே எடுத்துக்கொண்டு தன்னைத் திருத்தி அமைத்த பௌத்தம்.

பாணந்துறை வாதத்தின் கதையை அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. 1873 ஓகஸ்டில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் கிறிஸ்தவப் போதகர்களும் ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் இரண்டு நாள் வாதிட்டார்கள். அது ஊர்ச் சண்டையாகவே முடிந்திருக்கும். ஓர் ஆங்கிலப் பத்திரிகை அதை முழுமையாக எழுதி வெளியிட்டது. பிறகு அது நூலாகி அமெரிக்கா வரை போனது. அதை வாசித்த கேணல் ஒல்கொட் 1880 மே மாதம் காலியில் வந்து இறங்கினார். பௌத்த பாடசாலைகள், பௌத்த கொடி, 1885இலிருந்து வெசாக் விடுமுறை எல்லாம் அதன் பின்னால் வந்தவை. "ஒரு செய்தியாளன் ஒழுங்காகக் குறிப்பெடுத்ததால் ஒரு நாட்டின் மத வரலாறு திரும்பியது" என்றார். அந்த மண்டபத்தில் இருந்த செய்தியாளர்களில் பாதிப்பேர் அதைக் கையேட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும்தான்.

அதன் பிறகு அவர் சொன்னதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. கொட்டாஞ்சேனையில், குணானந்த தேரரின் விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலம் ஒன்று சென் லூசியாஸ் பேராலயத்துப் பக்கம் தாக்கப்பட்டது. 1883 மார்ச் 25. அன்று உயிர்த்த ஞாயிறு.

மாலையில் நாங்கள் ஐந்தாறு பேர் ஆட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். விகாரையையும் பேராலயத்தையும் பார்த்துவிட்டுக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு நடந்தே போய்விட்டோம். இரண்டு உயிர்த்த ஞாயிறுகளுக்கும் இடையில் 136 வருடம். தூரம் என்று பார்த்தால் கால் வலிக்காத நடை. இன்று செவ்வாய்க்கிழமை, அந்தோனியார் நாள். பொட்டு வைத்த பெண்கள், பர்தா போட்ட ஒரு தாயும் மகளும், கடைத்தெருவில் மூட்டை தூக்குகிற நாட்டாமைகள், எல்லோரும் மெழுகுதிரி வரிசையில் நின்றார்கள். 2019 ஏப்ரல் 21 காலை இங்கே குண்டு வெடித்தது. அதே காலையில் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் மூன்று ஹோட்டல்களிலும். 260க்கும் மேற்பட்டோர் போனார்கள். இந்தக் கோவிலை மீண்டும் திறந்தது ஜூன் 12இல், இரண்டு மாதத்துக்குள். காத்தான்குடிப் பெண் வாசலுக்கு வெளியிலேயே நின்றார். குண்டு வைத்தவர்களின் தலைவன் சஹ்ரானும் அந்த ஊர்தான். "உள்ளுக்கு வாங்கோவன்" என்று கூப்பிட்டேன். "போன தரம் வந்தப்ப ஊர் எதுன்னு கேட்டாங்க. சொன்னதும் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. இங்கயே நிக்கன்" என்றார். குரு அவருடன் வெளியில் நின்றுகொண்டார். நான் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள், கொழும்பு

காலை முழுவதும் ஒரு மாவுக்கட்டியைப் பற்றிக் கதைத்தோம்.

2018 பெப்ரவரி, அம்பாறை. முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் சாப்பாட்டுக்குள் கட்டியாக ஏதோ இருந்தது. மலட்டு மருந்து கலந்தாய்தானே என்று கூட்டம் சிங்களத்தில் கேட்டது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் மட்டுமட்டு. பயத்தில் ஓம் என்று தலையாட்டினார். அதை ஒருவர் கைப்பேசியில் பிடித்தார். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஒரு வாரத்தில் கண்டி மாவட்டம், திகன எரிந்தது. பிறகு அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்து அது வெறும் மாவு என்றார். அப்படி ஒரு மருந்தே உலகத்தில் இல்லை.

குருநாகல் செய்தியாளர் அந்த இடத்திலிருந்து பேச்சை எடுத்துக்கொண்டார். சிங்களத்தில் மெல்லப் பேசினார். 2019 மே மாதம், குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாதம். தன் ஊர் வைத்தியசாலையில் ஒரு முஸ்லிம் மருத்துவர் 4,000 பௌத்தப் பெண்களை மலடாக்கினார் என்று ஒரு நாளிதழ் முதற்பக்கத்தில் போட்டது. பெயர் போடவில்லை. ஊருக்கு யாரென்று தெரியும். டொக்டர் ஷாபி கைதானார். முறைப்பாடு கொடுக்க நூற்றுக்கணக்கான பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆதாரம் எதுவும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. பிறகு அவர் பணிக்குத் திரும்பினார். நிலுவைச் சம்பளத்தை மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார்.

"அந்த வரிசையை நான் படம் எடுத்தேன்" என்றார் குருநாகல்காரர். "ஒரு பெண்ணிடம் நின்று, அக்கா, உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன. கேட்கவில்லை. படம் மட்டும் எடுத்தேன். அடுத்த நாள் அது பத்திரிகையில் வந்தது." கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பெண் இதைத் தமிழில் சொல்லும்போது ஓர் இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

ஆட்கள் ஒன்றை வாசிக்கத் தெரியாமல் வாசித்ததுதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதே 2019 மே மாதத்தில் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், உடுப்பில் தர்மச்சக்கரம் போட்டிருந்தார் என்று கைதானார். அது கப்பல் சுக்கான். அதற்கடுத்த வருடம் மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞரை, அவருடைய நவரசம் என்ற கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். நல்ல தமிழில் எழுதின புத்தகம். சிங்களத்தில் பெயர்த்துப் பார்த்துவிட்டு அது தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்றார்கள். ஐ.எஸ். அமைப்பைக் கண்டிக்கிற கவிதையும் அதற்குள் இருந்தது. 2020 மே மாதத்தில் உள்ளே போனவருக்கு 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த எத்தனையோ பேர் இந்த நாட்டில் இருந்தோம். அந்த முதல் மாதத்தில் நூலை எடுத்து வாசித்து, இது இதுதான் என்று முதற்பக்கத்தில் எழுதிய தமிழ்ப் பத்திரிகையாளர் எத்தனை பேர்? நான் எழுதவில்லை. முஸ்லிம் விசயம், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டோம். இதைக் கூட்டத்தில் சொன்னேன். தாளில் இல்லாத பேச்சு.

பிறகு தாளுக்கு வந்தேன். 2019 செப்டம்பரில் நீராவியடிப் பிள்ளையார் கோயிலடியில், நீதிமன்றம் வேறு இடம் சொல்லியிருந்தும் ஒரு தேரரின் உடலைத் தீர்த்தக்கேணிக்கு அருகில் எரித்தது. 2020இல் கிழக்கின் தொல்லியலைப் பார்க்க அமைத்த ஜனாதிபதி செயலணியில் முதலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லாதது. குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி 2023 செப்டம்பரில் அச்சுறுத்தல் என்று சொல்லிப் பதவியை விட்டு நாட்டையும் விட்டுப் போனது. 2024 சிவராத்திரி இரவில் வெடுக்குநாறிமலை ஆதி அய்யனார் கோயிலில் எட்டுப் பேரைப் பிடித்துக்கொண்டு போனது. பதினொரு நாளில் வழக்கு தள்ளுபடியானது. பிடித்துக்கொண்டு போன இரவு மட்டும் அந்தப் பதினொரு நாளாலும் கழுவுப்படாது என்று சொன்னேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. ஏறினதில் பிழையில்லை என்றே நினைக்கிறேன். கும்பிடப் போன இடத்தில் சப்பாத்துக் காலோடு வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது வேறெப்படிப் பேசுவது.

தேரர் கை உயர்த்தினார். தமிழில் பேசினார். எழுத்துக் கூட்டிப் படித்த தமிழ், ஆனால் தமிழ்.

"நான் தினமும் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கிறது. உங்கள் கோபம் எனக்கு விளங்குது. நீங்கள் சொன்ன எல்லாம் நடந்தது. ஆனால் பத்திரிகையில் 'பிக்குகள்' என்று வருது. 'பிக்குகள் அட்டகாசம்.' எந்தப் பிக்கு? எந்த விகாரை? நானும் பிக்குதானே. என் அம்மா தமிழ் படிச்சவங்க என்றால் அதை வாசிச்சு அழுவாங்க."

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்கு ஒரு பதில் இருந்தது. பெயர் போட்டால் வழக்கு, வீட்டு வாசலில் ஆள், அதனால்தான் பன்மை என்று சொல்லலாம். அது முழு உண்மையல்ல. பெயர் கேட்டால் சிங்களத்தில் கேட்க வேண்டும். பன்மை இலகு.

நான்காம் நாள், ஓட்டமாவடி

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை. மன்னம்பிட்டிப் பாலம் தாண்டியதும் பாதையோரப் பலகைகளில் தமிழ் கூடிக்கொண்டே வந்தது. புணானையில் மட்டக்களப்பு கெம்பஸின் கட்டடங்கள் தெரிந்தன. ஷரீஆ பல்கலைக்கழகம் என்று சொல்லி 2019இல் எத்தனை விவாதம், பிறகு கொரோனாத் தனிமைப்படுத்தல் நிலையம், 2023இல்தான் திரும்பக் கொடுத்தார்கள். பஸ் நிற்கவில்லை.

ஓட்டமாவடியில் சோறும் ஆற்றுமீன் ஆணமும் சாப்பிட்டுவிட்டு மஜ்மா நகருக்குப் போனோம். பற்றைக்காடும் வெயிலும். யானைக்குப் போட்ட வேலி. மையவாடிக்கு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் அந்த நாட்களில் குழி வெட்ட நின்றவர்களில் ஒருவர். எல்லோரும் அவரை நானா என்று கூப்பிட்டோம். தேரரும் நானா என்றுதான் கூப்பிட்டார்.

கட்டாய எரிப்புக்கு எதிரான மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் முதலாம் திகதி விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. அதே மாதம் இருபது நாள் குழந்தை ஒன்றை, பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் கொழும்பில் எரித்தார்கள். அதன் பிறகுதான் சனம் பொரளைக் கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கியது. கபன் துணி, முஸ்லிம்கள் இறந்தவரைச் சுற்றுகிற துணி. எல்லா மதத்தவரும் போய்க் கட்டினார்கள், அவிழ்த்து எறிய எறியக் கட்டினார்கள். 2021 பெப்ரவரி 25 அன்று வர்த்தமானி மாறியது. முதலில் இரணைதீவு என்றார்கள். கடற்படையிடமிருந்து தங்கள் தீவை அப்போதுதான் மீட்டிருந்த மீனவர்கள் மறுத்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பிறகு ஓட்டமாவடி தன் நிலத்தைக் கொடுத்தது. 2021 மார்ச் 5 முதல் ஒரு வருடம், தீவின் எந்த மூலையில் இறந்தாலும் புதைக்க வேண்டியவர்களை இங்கேதான் கொண்டு வந்தார்கள்.

"இராணுவத்தோட வரிசையா வண்டி வரும்" என்றார் நானா. "ஒரு நாளைக்கு ரெண்டு, பொறவு இருபது, முப்பது. கொரோனா கூடின காலத்துல கையால வெட்டிச் சரிவரல்ல, மெஷின் கொண்டுவந்தாங்க. சொந்தக்காரர் ஒண்டு ரெண்டு பேரத்தான் உட்டாங்க. காலி, மாத்தறையில இருந்தெல்லாம் ராவு முழுக்க வந்து அஞ்சு நிமிசம் நிண்டுட்டுப் போன புள்ளைகள் இருக்கு. எங்கட ஆக்கள்ட வெள்ளாமக் காணியும் இதுக்குள்ள போயிட்டு. அதப் பத்தி யாரும் எழுதல்ல."

எழுதிக்கொண்டேன்.

வரிசை வரிசையாகச் சிறிய மேடுகள். இலக்கங்கள். மொத்தம் 3,634 பேர். அவர்களில் 2,992 பேர் முஸ்லிம்கள். 287 பேர் பௌத்தர்கள், 270 பேர் இந்துக்கள், 85 பேர் கிறிஸ்தவர்கள். இந்த எண்களை நான் முன்பே பார்த்திருந்தேன். நிலத்தில் பார்க்கும்போதுதான் உறைத்தது. மதத்தைப் பார்த்து இடம் பிரித்திருக்கவில்லை. இறந்த நாளைப் பார்த்து வரிசை போயிருக்கிறது. எது யாருடையது என்று கேட்டேன். "பேர் ரெக்கோட்ல கிடக்கு. எங்களுக்கு நம்பர்தான். புல்லு வெட்டுறண்டா எல்லாத்துக்குந்தான் வெட்டுற" என்றார் நானா.

தேரர் ஒரு வரிசையின் முனையில் நின்று பாளியில் சொல்லத் தொடங்கினார். குருவும் தலை குனிந்து நின்றார். காத்தான்குடிப் பெண் இரண்டு கைகளையும் ஏந்தினார். எனக்கு 'சொற்றுணை வேதியன்' வாயில் வந்தது. எங்கள் ஊரில் சுடலைக்குப் பெண்கள் போவதில்லை, அதனால் ஒரு புதைகுழிக்குப் பக்கத்தில் நின்று தேவாரம் சொன்னது இதுதான் முதல் தடவை. குருநாகல்காரர் கமராவை வெளியே எடுக்கவில்லை.

புத்தளத்துப் பெண்ணின் வாப்பா இங்கே இல்லை. 2020இல் போனவர். இந்த நிலம் கிடைப்பதற்கு முன்னால் எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்பது அரசு சொன்ன கணக்கு. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அந்தச் செய்தியை எங்கள் மேசையில் நான்தான் எழுதினேன். ஜனாஸாக்கள் என்று எழுதினேன். அவர் அதை வாசித்தாரா என்று அறிய எனக்கு வழியில்லை.

ஐந்தாம் நாள், மட்டக்களப்பு, வவுனியா

காலையில் காத்தான்குடிப் பெண் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிரதான வீதி நடுவில் பேரீச்ச மரங்கள். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலில் 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதியின் சன்ன ஓட்டைகளைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். இங்கேயும் ஹுஸைனியா பள்ளிவாசலிலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர். சுவரில் விரல் வைத்துப் பார்த்தேன். விரல் உள்ளே போகிறது. இந்த ஊர்ப் பெயரை இன்று கேட்டால் சஹ்ரானை நினைக்கிறார்கள், இந்தச் சுவரை நினைப்பதில்லை என்றார் அவர். எதிர்த்துச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவருடைய உம்மா எனக்குப் பாலப்பமும் இஞ்சி போட்ட பிளேன்ரீயும் தந்தார். "யாழ்ப்பாணத்துப் புள்ளயா" என்று இரண்டு தரம் கேட்டார்.

சீயோன் தேவாலயத்தில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டுக்கு முற்றத்தில் நின்ற நேரம் அது. அதற்கு மேல் எழுத வரவில்லை.

யாழ்ப்பாண பஸ் வவுனியாவில் நின்றபோது செய்தி மேசையிலிருந்து தம்பி தொலைபேசியில் எடுத்தான். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கோயில் காணியில் அடையாளக் கல் நட்டிருக்கிறார்களாம்.

"அக்கா, 'பிக்குகள் அடாவடி' எண்டு தலைப்புப் போடட்டோ?"

"எத்தனை பேர் வந்தவை?"

"ஒரு ஹாமுதுருவும் திணைக்கள ஆக்களும் எண்டு சொல்லுகினம்."

"அந்த ஹாமுதுருவின்ர பேர் என்ன? எந்த விகாரை? திணைக்கள ஆக்களில ஆர் கையெழுத்து வைச்சது?"

"அது தெரியேல்லை."

"கோயில் தர்மகர்த்தாவிட்டக் கேள். பொலிஸில சிங்களத்தில கேக்க வேணுமெண்டா எனக்கு ஒரு நம்பர் இருக்கு, குருநாகலில ஒருத்தர், அவர் எடுத்துக் கேட்டுத் தருவார். செய்தியைக் குறைக்க வேண்டாம், முதற்பக்கத்திலயே போடு. பேரோட போடு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பக்கம் மூட ஒண்டரை மணித்தியாலம்தான் இருக்கு அக்கா" என்றான்.

நம்பரை அனுப்பினேன்.